கொசுவம் வைத்த பக்கம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். பையன் என்றால் முப்பது வயதாவது இருக்கும். டில்லி மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவன் உட்கார்ந்திருக்கிறானாம். பழைய குறிப்பு அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம்.

"மேடம், நீங்க எழுதின கார்டு எல்லாத்துலயும் கொசுவம், செருகல், கச்சம்னு என்னென்னவோ இருக்கு. இங்க ஸ்க்ரீன்ல ரெண்டே ஆப்ஷன்தான். ப்ளெய்ன், இல்லேன்னா ப்ளீட்டட். எல்லாத்தையும் ப்ளீட்டட்னு போட்டுடலாமா?" என்றான்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? பெட்டியில் இரண்டே கட்டம் போட்டுக் கொடுத்தவனை அல்லவா கேட்க வேண்டும். "போட்டுடாதே ராஜா, கொஞ்சம் பொறு. ஏன்னு நான் எழுதி அனுப்புதேன்" என்று சொல்லி போனை வைத்தேன். எழுத உட்கார்ந்தால் அது இத்தனை நீளமாக வருகிறது.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி டில்லிக்கு வந்து, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குடித்தனம் வைத்தேன். பழம்பொருள்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. கற்சிலை, செப்புச் சிலை, பழைய துணி என்று எது வந்தாலும் அதன் உயரம், எடை, உடைசல், உடை, நகை எல்லாவற்றையும் பார்த்து அட்டையில் எழுதவேண்டும். நாளைக்கு அது திருட்டுப் போனால், போட்டோ இல்லாவிட்டாலும் அந்த எழுத்தைப் படித்து அடையாளம் சொல்ல முடிய வேண்டும். ஆரம்பத்தில் பயிற்சி என்று ஒன்று நடந்தது. அதில் எனக்கு மிச்சமாக நினைவிருப்பது மத்தியானத் தூக்கம்தான்.

வேலை கற்றது சன்யால் மேடத்திடம். வங்காளிப் பெண்மணி, எங்கள் பிரிவுக்குத் தலைவி. ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, குளிர்காலம் முழுக்க ஒரே சாம்பல் நிறச் சால்வை. குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. அட்டையில் தப்பு இருந்தால் திட்டமாட்டார். அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த அட்டையை எடுப்பார். கவிழ்ந்து கிடக்கும் அட்டையைப் பார்க்கிறபோது, இவர் நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக்கூடாதா என்றிருக்கும்.

நான் முதலில் எழுதிய அட்டையே கவிழ்ந்தது. ஒரு அம்மன் சிலை. 'இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மடிப்புகள் உள்ள ஆடை' என்று ஆங்கிலத்தில் ஒப்பேற்றியிருந்தேன். மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். என் சேலையைச் சுட்டிக்காட்டி, இடுப்புக்கு முன்னால் இருப்பது என்ன என்று கேட்டார். கொசுவம் என்றேன். தோளில் இருப்பது? முந்தானை, அதில் விசிறி மடிப்பு. பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததால் பின்னால் விழுந்திருப்பது? கசங்கல். ரவிக்கைக் கையில் தைத்திருப்பது? சுருக்கு. உங்கள் பாஷையில் இத்தனை பெயர் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஏன் ஒரே சொல்லைப் போட்டாய் என்றார். ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் சொல் தெரியவில்லை என்றேன். அப்படியானால் தமிழ்ச் சொல்லையே எழுது, பக்கத்தில் விளக்கம் எழுது என்று சொல்லிவிட்டார். அரசாங்க அட்டையில் 'கொசுவம்' ஏறியது அப்படித்தான்.

அன்றைக்கு மத்தியானம் பிரிவு முழுவதும் இதே பேச்சு. கொசுவத்தை வங்காளத்தில் 'குச்சி' என்பார்களாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதையே 'சுன்னட்' என்றார் லக்னோக்காரக் கிளார்க். உட்கார்ந்து எழுந்தால் விழுகிற சுருக்கம் 'சில்வட்', மடித்துப் பெட்டியில் வைக்கிறது 'தஹ்'. ஒரு முழத் துணிக்கு இத்தனை பெயர் வைத்த ஜனங்களை நினைத்து எனக்கு மலைப்பாக இருந்தது. நாள் முழுக்க உடம்பில் சுற்றிக்கொண்டிருந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

மேடத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மடிப்பு என்றால் ஒரு கை வைத்தது. சுருக்கம் என்றால் உடம்பின் அசைவு வைத்தது. கசங்கல் யாரும் வைக்காமல் தானாக விழுந்தது. எது எது என்று பிரித்துவிட்டால், அந்தத் துணிக்குள் இருந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தெரிந்துவிடும் என்பார். எனக்கு அப்போது அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பிறகு ஒரு தடவை தலையும் கையும் இல்லாத கற்சிலை ஒன்று வந்தது, வெறும் முண்டம். மேடம் அதன் விலாப்பக்கம் போகும் கோடுகளை விரலால் தடவிக்கொண்டே வந்தார். இது மடிப்பு இல்லை, இழுவை. இவள் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறாள் என்றார். சில மாதம் கழித்து அதே இடத்திலிருந்து ஒரு கைத்துண்டு வந்து சேர்ந்தது. மேலே தூக்கிய இடது கை, விரலில் பூங்கொத்து. பொருத்திப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துப் போனது.

இனி அந்த அம்மன் விஷயத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் ஆரம்பம், ஒரு ஜனவரி மாதம். டில்லியில் ஒரு வியாபாரியின் கிடங்கைப் போலீஸ் சோதனை போட்டு, செப்பு அம்மன் சிலைகள் இரண்டைப் பிடித்தது. இரண்டும் பழசு, இரண்டும் நின்ற கோலம், உயரம்கூட ஏறக்குறைய ஒன்று. கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் உற்சவ அம்மன் திருட்டுப் போயிருந்தது. இரண்டில் ஒன்று அதுவாக இருக்கலாம் என்று அந்தக் கோயில் சுந்தரேச குருக்களை வரவழைத்தார்கள். கோயிலில் படம் எடுக்கும் வழக்கம் இல்லாததால் போட்டோ கிடையாது. அவர் சொல்லப்போகும் அடையாளம் ஒன்றுதான் சாட்சி.

அவர் வந்தார், இரண்டையும் பார்த்தார், "தெரியலை" என்றார்.

அதோடு தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. வியாபாரி இரண்டும் தன் பாட்டனார் காலத்துச் சொத்து என்று சாதித்துக்கொண்டிருந்தான். அடையாளம் தெரியவில்லை என்றால் சிலை அவனுக்கே திரும்பிப் போகலாம். குருக்கள் பாடு அதைவிட மோசம். கோயில் சாவி அவரிடம் இருந்தது, பூட்டு உடைபடவில்லை. ஊரில் ஏற்கெனவே குசுகுசு. தினம் பூஜை செய்கிறவனுக்கு அம்மனைத் தெரியாதா, இவனும் கூட்டு, அதனால்தான் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான் என்று இன்ஸ்பெக்டர் முடிவே கட்டிவிட்டார். குருக்கள் மேல் வழக்குப் போடப்போவதாகப் பேச்சு. சிலைகளை எங்கள் அலுவலகத்தில் வைத்துப் பரிசோதிக்க அனுப்பியிருந்தார்கள். குருக்களிடம் பேசத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார் மேடம்.

கேண்டீனில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. அறுபது வயதிருக்கும். அந்தக் குளிரில் மெல்லிசுச் சால்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு, மடியில் ஒரு மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். யாராவது மிரட்டினார்களா, பயப்படாமல் சொல்லுங்கள் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு எப்படித் தெரியாமல் போகும் என்று, மனசு கேட்காமல், கொஞ்சம் கடிந்தே கேட்டுவிட்டேன்.

"நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லையேம்மா. எப்பவும் சந்தனக்காப்பு, கண்மலர், புடவை. புடவை மாத்தறச்சே திரை போட்டுடுவோம். எங்கப்பா சொல்லிக் கொடுத்தது, கண்ணைத் தாழ்த்திண்டு கையாலேயே கட்டணும்னு. இங்க என்னடான்னா ரெண்டு பேரையும் வெட்டவெளிச்சத்துல, ஒண்ணுமில்லாம நிக்க வெச்சுப் பாருன்னா... ஏதோ திராவகம் போட்டுத் தேய்ச்சு பித்தளைக் குடம் மாதிரி பளபளன்னு பண்ணி வெச்சிருக்கான். எங்காத்து அம்பாள் கறுப்புன்னா! பொய் சொல்ல மனசு வரலை. தெரியலைன்னுட்டேன்."

பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "கண்ணுக்குத் தெரியலை. கைக்குத் தெரியும்" என்றார்.

நான் எழுந்து மேடத்தின் அறைக்கு ஓடினேன். அவர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குருக்களைச் சிலைகளுக்குப் பக்கத்தில் விடாதே, இன்னும் ஒரு தடவைகூட அவர் பார்க்கக்கூடாது என்றார். பிறகு மாடல் செய்யும் பிரிவுக்குப் போன் போட்டு, நின்ற கோலத்தில் அதே உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புப் பொம்மை வேண்டும், அதன் மேல் விரல் கனத்துக்கு ஈரக் களிமண் பூசி வழவழப்பாக்கி வைக்கவேண்டும் என்றார். கோர்ட்டுக்கும் எழுதி, அங்கிருந்து ஒரு கமிஷனரை அனுப்பச் சொன்னார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

குறித்த நாளில் எல்லோரும் வந்தார்கள். கோர்ட் கமிஷனர் ஒரு வயதான சர்தார்ஜி, அதிகம் பேசாதவர். வியாபாரியின் வக்கீல் அவருக்கும் சேர்த்துப் பேசினார். இன்ஸ்பெக்டர் கைகட்டி ஓரமாக நின்றார். வராந்தாவில் களிமண் பொம்மையை நிறுத்தியிருந்தோம். சிலைகள் உள்ளே, பூட்டிய அறையில்.

மேடம் என் மூலமாகக் குருக்களிடம் சொன்னார்: தினமும் கட்டுகிற மாதிரி இந்தப் பொம்மைக்குப் புடவை கட்டுங்கள். குருக்கள் மஞ்சள் பையிலிருந்து சின்னதாகச் சிவப்புப் புடவை இரண்டை எடுத்தார். அம்மனுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்தவை. ஒன்றைப் பிரித்துப் பொம்மையின் இடுப்பில் வைத்தார். மண் ஒட்டியது. "இது அவ இல்லியே, கை வரமாட்டேங்கறதே" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். வக்கீல் உதட்டைப் பிதுக்கினார்.

"சாமி, கண்ணை மூடிக்கிடுங்க. திரை போட்டிருக்குன்னு வச்சுக்கிடுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? கை தனியாக ஒரு ஆள் மாதிரி வேலை செய்தது. ஒரு சுற்று, ஒரு இழுப்பு. விரல்கள் துணியைக் கொய்துகொண்டே போயின. ஒரு கொசுவம்போல மறு கொசுவம், இம்மி பிசகவில்லை. நாங்களெல்லாம் கொசுவத்தை நடுவில் செருகுவோம். அவர் அதை அப்படியே இடப்பக்கம் நகர்த்தி, இடுப்பெலும்புக்குக் கீழே வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறு கையால், புடவை நழுவாமல் கட்டுகிற கயிற்றைச் சுற்றிப் பின்னால் வலப்பக்கம் கொண்டுபோய் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சையும் ஒரு அழுத்து அழுத்தினார். இத்தனை வருஷமாக நானும் சேலை கட்டுகிறேன். அந்த மாதிரிக் கட்டைக் கண்டதில்லை.

ஏன் இடப்பக்கம் என்று மேடம் கேட்கச் சொன்னார். "எங்க அம்பாளுக்கு அப்படித்தான். அப்பா அப்படித்தான் கட்டுவார், அவரோட அப்பாவும். காரணம் கேக்கலை" என்றார்.

மேடம் புடவையை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்ததும் எல்லோரும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். ஈர மண்ணில் கொசுவத்தின் ஒவ்வொரு கோடும் அப்படியே விழுந்திருந்தது. ஏதோ பழைய காலத்துச் சிற்பி வந்து செதுக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஆனால் மேடம் கோடுகளைப் பார்க்கவில்லை. கோடு இல்லாத இடங்களைக் காட்டினார். இடது இடுப்புக்குக் கீழே கட்டைவிரல் அழுத்திய பள்ளம், அங்கே கோடெல்லாம் மழுங்கிக் கிடந்தது. பின்னால் வலப்பக்கம், முடிச்சு உட்கார்ந்த குழி. ஒரு நாள் அழுத்தினால் மண்ணில் இவ்வளவு. தலைமுறை தலைமுறையாக தினம் அழுத்தினால் செம்பில் எவ்வளவு என்று உள்ளே போய்ப் பார்ப்போம் என்றார்.

கதவைத் திறந்தார்கள். மேடம் முன்பே இரண்டு சிலைகளையும் வெள்ளைத் துணியால் மூடி, இடுப்புப் பகுதி மட்டும் தெரிகிறமாதிரி விட்டிருந்தார். குருக்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார் என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது அல்லவா. முதல் சிலையில் சிற்பி வடித்த ஆடைக் கோடுகள் இடுப்பைச் சுற்றி ஒரே சீராக, கூராக இருந்தன. இரண்டாவதிலும் அப்படித்தான், வலப்பக்கமும் முன்பக்கமும். இடது இடுப்புக்குக் கீழே மட்டும் கோடுகள் ஓடிவந்து, தேய்ந்து, காணாமல் போயிருந்தன. அந்த இடம் கூழாங்கல்போல வழவழவென்று இருந்தது. பின்னால் வலப்பக்கம் ஒரு சின்னக் குழி.

அதை நான் முன்பே பார்த்து அட்டையில் எழுதியும் இருந்தேன். 'தேய்வு, காரணம் தெரியவில்லை' என்று. காரணம் இப்போது என் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது. யாரோ ஒரு குருக்கள், அவர் பிள்ளை, அவர் பேரன் என்று எத்தனையோ கட்டைவிரல்கள் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திச் செம்பைக் கரைத்திருக்கின்றன. அவர்களில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குக் கும்பிடத் தோன்றியது. அலுவலகம் என்று அடக்கிக்கொண்டேன்.

வக்கீல் விடவில்லை. இதெல்லாம் சொல்லிக்கொடுத்துப் பழக்கியது, கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் இப்படித் துணி கட்ட முடியுமா என்று ஆரம்பித்தார். அதுவரை பேசாமல் இருந்த சர்தார்ஜி தன் தலைப்பாகையைத் தொட்டுக் காட்டினார். வக்கீல் சாஹப், இந்த மடிப்புகளைத் தினம் காலையில் என் விரல்தான் வைக்கிறது, என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது என்று ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். பிறகு குனிந்து, அந்த வழவழப்பான இடத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். உடனே எடுத்துவிட்டார்.

கடைசியாகக் குருக்களை அழைத்தோம். கண்ணை மூடியபடியே வந்தார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். முதல் சிலையின் இடுப்பில் கை வைத்தார். கொஞ்சம் தேடினார், எடுத்துக்கொண்டார். இரண்டாவதில் கை வைத்ததும் கட்டைவிரல் நேரே அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு கை நகரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"அந்தப் புடவையைக் கொண்டாங்கோ" என்றார். "இந்தக் குளிர்ல எத்தனை நாளா இப்படி நிக்கறா."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். மண்படாத இரண்டாவது புடவையை நான் எடுத்துக் கொடுத்தேன். பிடிபட்ட பொருளைப் பிடிபட்டபடியே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மேடம் அந்த விதியில் ஒரு எழுத்துக்கூட விடாதவர். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நானும் இன்ஸ்பெக்டரும் வெள்ளைத் துணியையே திரையாகப் பிடிக்க, உள்ளே குருக்கள் கட்டி முடித்தார். திரையை எடுத்ததும் பார்த்தால், அந்தச் சிலையில் இடுப்பின் வளைவும் கொசுவம் விழுகிற வாகும் ஒன்றோடொன்று சேர்ந்துபோய், சிலைக்குத் துணி கட்டியிருக்கிறது என்றே தோன்றவில்லை. அம்மன் நின்றாள், அவ்வளவுதான். என்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஜன்னலிலிருந்து திரும்பியிருந்த சன்யால் மேடமும் கை குவித்திருந்தார்.

எல்லோரும் வெளியே கிளம்பினோம். குருக்கள் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், மற்ற சிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பையில் இனிப் புடவை இல்லை. தான் போர்த்தியிருந்த சால்வையை எடுத்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அதன் இடுப்பில் சுற்றிக் கொசுவம் வைத்தார். கை இந்தத் தடவை தயங்கித் தயங்கிப் போனது.

"இவ ஊர்ல எந்தப் பக்கம் வெச்சுக் கட்டுவான்னு தெரியலை. நடுவுல வெச்சிருக்கேன். தப்புன்னா பொறுத்துப்பா" என்றார்.

கோர்ட் உத்தரவு ஹோலி தாண்டித்தான் வந்தது. குருக்கள் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்று ஆனது. அம்மன் போலீஸ் காவலோடு ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்தாள். மற்றவளுக்கும் வியாபாரியால் எந்தக் காகிதமும் காட்ட முடியவில்லை. எந்த ஊர் என்று தெரியாமல் எங்கள் காப்பறையிலேயே தங்கிவிட்டாள். மேடம் அந்தச் சால்வையை எடுக்கச் சொல்லவில்லை. மற்றவர்கள் யாருக்கும் எடுக்கத் துணிச்சல் இல்லை. அது நைந்து போனபோது நான் ஒரு புதுத் துணி வாங்கிப் போனேன். அப்புறம் டில்லியில் குளிருக்கு ரஜாய்ப் போர்வையை வெளியே எடுக்கிற ஒவ்வொரு பருவத்திலும் அது என் வேலையாகிவிட்டது.

அவளைத் தேடிக்கொண்டு யாராவது வருவார்கள், வந்து இந்தப் பக்கம் என்று கை வைத்துச் சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓய்வு பெற்ற அன்றைக்கும் போய்க் கட்டிவிட்டுத்தான் வந்தேன். அதுவரை ஒருவரும் வரவில்லை. கொசுவத்தை நடுவிலேயே வைத்தேன்.